கடலின் குறையை முதலில் சொன்னவள்

எங்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அறையில் என்ன குறை என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் ஒழுங்காக வருமா, எலி உண்டா, வெயில் இறங்குமா என்று. அவள் ஒருத்திதான் தன்னிடம் என்ன குறை என்று சொல்லிவிட்டு அப்புறம் அறையைப் பார்த்தாள்.

"அக்கா, முதல்ல சொல்லிடறேன். எனக்கு வேலை கடல்ல. வீட்டுக்கு வரும்போது சேத்து நாத்தத்தோடதான் வருவேன். குளியலறைல இரும்புச் சாமான் ஊறப் போடுவேன். நல்லா குறட்டை விடுவேன். இதெல்லாம் சரின்னா மேல ஏறிப் பார்க்கிறேன்."

எனக்குப் புது ஆட்களைக் கண்டால் வாய் சட்டென்று திறக்காது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே நாற்காலியில் இருந்த என் அண்ணன்தான் பதில் சொன்னார்.

"குறட்டையா? இங்க ஒருத்தன் ராத்திரி பகலா குறட்டை விட்டுக்கிட்டு இருக்கான்லா. ஜோடியா விடுங்க!"

அவர் சொன்னது அவருடைய மெஷினை. அண்ணன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். நெஞ்சு கெட்டுப்போய் ஓய்வுக்கு வந்தார். "பாதி பாய்லர், பாதி பீடி" என்று அவரே சொல்வார். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் அந்த மெஷின். வீட்டுக் காற்றை இழுத்து அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து அவருக்குக் கொடுக்கும். கரண்டில் ஓடும். நிற்கவே கூடாது.

அவள் மாடிப்படியை விட்டுவிட்டு நேராக மெஷினிடம் போனாள். குனிந்து அதன் சத்தத்தைக் கேட்டாள்.

"கரண்ட் போனா என்ன செய்வீங்க, அண்ணே?"

"கரண்ட் போனா நானும் போவேன்."

"சும்மா சொல்றாரு. சின்ன சிலிண்டர் ஒன்னு வச்சிருக்கோம்" என்றேன் நான். அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், 'என் குறையெல்லாம் விட்டுட்டு எழுதிட்டீங்களே அக்கா' என்று சண்டைக்கு வருவாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பினாங்கிலேயே பிறந்தவள். ஆமாம் என்பதற்கு மட்டும் 'ஓம்' என்பாள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். குள்ளம், வெயிலில் கறுத்த முகம். மூக்குக் கண்ணாடி கடலில் விழாமலிருக்கத் தூண்டில் நரம்பால் கழுத்தில் கட்டியிருப்பாள். நெற்றியில் திருநீறும் கிரீஸும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஞ்சினியருக்குப் படித்தவள் என்று சொன்னால் எங்கள் லோரோங் சந்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

குறையை முதலில் சொல்வது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. நாங்கள் கத்தோலிக்கர். குறையைச் சாமியார் காதில் மெல்ல, அதுவும் மறைவுக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்லித்தான் பழக்கம். இவள் ஊருக்கே சொல்வாள். "நீ எங்க மதத்துல பிறந்திருந்தா சாமியாருக்கு வேலையே இல்ல" என்று அண்ணன் கேலி பண்ணுவார்.

ஒரு நாள் அண்ணனுக்கு மாத்திரை வாங்க நான் அவசரமாகப் போகவேண்டி இருந்தது. காலையில் வீட்டுக்கு முன்னால் வடை போட்டு விற்பேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொள் என்று அவளிடம் விட்டுப்போனேன். திரும்பி வந்தால் கடை முன்னால் ஒரே சிரிப்பு.

"இது சூடா அக்கா?" என்று ஒரு பெண் கேட்கிறாள்.

"இது விடியக்காலை போட்டது, கல்லு மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்தது இப்பப் போட்டது. ஆனா அதுல உப்புக் கொஞ்சம் தூக்கல். நான் மூணு தின்னு பார்த்துட்டேன்."

காலையில் போட்டதெல்லாம் அப்படியே கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இனி என் கடைப்பக்கமே வராதே" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வந்தவர்கள் என்னை விட்டுவிட்டுக் கதவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். "அந்த அக்கா இல்லையா? எது நல்லாருக்குன்னு அவங்கதான் சொல்வாங்க." எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அவளுடைய சித்தி ஒருத்தி கோலாலம்பூரிலிருந்து ஒருவரைப் பெண் பார்க்க அனுப்பினாள். மனைவியை இழந்தவர், நல்ல உத்தியோகம், வெள்ளைச் சட்டை. எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்தார். இவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "முதல்ல சொல்லிடறேன். எனக்குச் சமைக்க வராது. பாதி நாள் கடல்ல இருப்பேன். கோபம் வந்தா மூணு நாள் பேசமாட்டேன். முட்டி வலி ஆரம்பிச்சிருச்சு."

அந்த மனிதர் நல்லவர்தான். சிரித்துக்கொண்டே, "சரி, நல்லது ஏதாவது சொல்லுங்க" என்றார்.

அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். "தெரிஞ்சா போன்ல சொல்றேன்" என்றாள்.

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அண்ணன் சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி, மெஷினைக் கூட்டி வைக்கவேண்டி வந்தது. "சொந்தப் பிள்ளையத் தூக்கிக் காட்டி, இவன் மூக்குச் சப்பைன்னு முதல்ல சொல்ற ஜாதி நீ" என்றார்.

"சப்பையா இருந்தா சப்பைதானே, அண்ணே?"

அவள் கடலில் என்ன செய்கிறாள் என்று எங்களுக்கு முதலில் புரியவே இல்லை. மீன் ஆராய்ச்சி என்று நான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் அண்ணன் நேராகக் கேட்டுவிட்டார்.

"கடல் தண்ணி ஏறுது இறங்குது இல்ல, அண்ணே? அப்படி ஏறி இறங்கும்போது இந்தத் தீவுக்கும் அக்கரைக்கும் நடுவுல ஓடும். அந்த ஓட்டத்துல ஒரு சக்கரத்தத் தொங்க விட்டா சுத்தும். சீலிங் ஃபேனைத் தண்ணிக்குள்ள தொங்க விட்ட மாதிரி. சுத்துறதுல இருந்து கரண்ட் எடுக்கலாம்."

"நல்லாத்தான் இருக்கு."

"இருங்க, குறையைச் சொல்லல இன்னும். நம்ம கடல் சோம்பேறி. சில நாட்டுல கடல் குதிரை மாதிரி ஓடும். இங்க எருமை. உப்பு இரும்பைத் தின்னும். சக்கரத்துல சிப்பி ஒட்டும். செலவு அதிகம். கூரைல வெயில் தகடு வச்சா இதைவிடச் சுலபம்."

"அப்ப எதுக்கு இந்தக் கூத்து? தகட்டையே வச்சுட்டுப் போ."

அவள் மெஷினைக் காட்டினாள். "இது ராத்திரி தூங்குமா, அண்ணே? வெயில் தூங்கிரும்."

"ராத்திரிதான் கரண்ட் வருதே?"

"எப்படி வருது? காஸை எரிக்கிறாங்க. நிலக்கரிய எரிக்கிறாங்க. நீங்க பாய்லர் பார்த்தவரு, உங்களுக்கு நான் சொல்லணுமா? அதே பாய்லர்தான், கொஞ்சம் பெரிசு."

அண்ணன் சிரிப்பதை நிறுத்தினார். பாய்லர் என்ற சொல் வந்தால் அவர் முகம் மாறும்.

"நீங்க மூச்சு விடறதுக்காக அங்க எங்கயோ புகை போகுது" என்றாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "அந்தப் புகை வானத்தப் போத்துது. உலகம் சூடாகுது. கடல் வீங்குது. நம்ம வாசல்ல தண்ணி நிக்குது பாருங்க."

பெரிய கடல் ஏற்றம் வரும் நாட்களில் சாக்கடை வழியாகக் கடல் தண்ணீர் எங்கள் லோரோங்குக்கு வந்துவிடும். வாசல் சுவரில் அதன் கோடு இருக்கிறது. நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். உடனே அவள், "முழுக்க அதனாலன்னு சொல்லமாட்டேன்க்கா, சாக்கடையும் அடைச்சுக்கிடக்கு" என்றாள். அவளால் ஒரு பேச்சைக்கூட ஒரு பக்கமாகச் சொல்ல முடியாது.

அண்ணன் விடவில்லை. பாய்லர்க்காரர் அல்லவா? "கடல் ஏறி முடிச்சு இறங்கறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் சும்மா நிக்குமே. அப்ப உன் சக்கரம்?"

அவள் கையைத் தட்டினாள். "ஓம்! அதுதான் பெரிய குறை. நிக்கும். ஆனா எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியும். இன்னும் பத்து வருசம் கழிச்சு எந்த நாள் எந்த நேரம் நிக்கும்னும் இப்பவே தெரியும். அது நிலா பார்த்து நடக்கிற வேலை, தப்பாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு பேட்டரில சேர்த்து வச்சுக்கலாம். மேகம் எப்ப மறைக்கும், காத்து எப்ப நிக்கும்னு யாரு முன்கூட்டிச் சொல்றாங்க?"

"அப்ப கடல் ஒன்னு போதுமா?"

"போதவே போதாது. உங்களுக்கு ஒரே மருந்தா குடுக்கிறாங்க? உறிஞ்சுற மருந்து, மாத்திரை, இந்த மெஷின். எல்லாம் சேர்ந்துதானே உட்கார்ந்திருக்கீங்க. அந்த மாதிரி வெயில், காத்து, மழைத்தண்ணி, எல்லாத்தோடயும் கடலும் வேணும். பாய்லர அணைக்கணும்னா ராத்திரி நேரத்துக்கு ஆள் வேணும், அண்ணே. கடல் ராத்திரி வேலைக்கு வரும்."

'ராத்திரி வேலைக்கு வரும்' என்பது அண்ணனுக்குப் பிடித்துப்போய்விட்டது. ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர். அதற்கப்புறம் கடலை 'நைட் ஷிஃப்ட்காரன்' என்றே சொல்வார்.

ஒரு மத்தியானம் இடி மழை. கரண்ட் போய்விட்டது. மெஷின் ஒரு தரம் கூவிவிட்டு நின்றது. அவள் மாடியிலிருந்து ஓடிவந்து சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றி, அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கரண்ட் வரும்வரை அந்தத் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை.

அண்ணனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்ததும், "எங்கடி உன் கடல்?" என்றார்.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, அண்ணே. நான்தான் இன்னும் பிடிக்கல." அப்புறம், "முதல்ல சொல்லிடறேன், கம்பி அறுந்தா கடல் கரண்டும் வராது" என்றாள்.

மூச்சுத் திணறலிலும் அண்ணன் சிரித்தார்.

அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றுதான். அந்தச் சக்கரத்தை மிதவையில் கட்டி, நிஜமான கடலில் ஒரு வருஷம் நிறுத்தாமல் ஓட்டிக் காட்டவேண்டும். ஒரு வருஷம் முழுசாக ஓடினால்தான் ஆபீஸில் அடுத்த சக்கரத்துக்குப் பணம் தருவார்கள். இல்லாவிட்டால் வேலையை மூடிவிடுவார்கள். ஓட்டம் நன்றாக இருந்த இடமோ, பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மீனவர் துறைக்கு முன்னால். மீனவர்கள் சம்மதிக்காமல் அங்கே ஒரு கழிகூட நட முடியாது.

கூட்டத்துக்கு என்னை வடை கொண்டு வரச் சொன்னாள். அதனால்தான் நான் பார்த்தேன். துறையில் படகு கட்டும் கொட்டகை. பெரும்பாலும் மலாய்க்காரர்கள், சில சீனர்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு வயசாளி, எல்லாரும் பாச்சிக், அதாவது மாமா, என்று கூப்பிட்டார்கள். அவளுடைய ஆபீஸ் பெரியவரும் வந்திருந்தார். அவர்தான் முதலில் மலாயில் பேசினார். கிராமமே ஜொலிக்கும், கடலே உங்களுக்கு விளக்கேற்றும் என்றார். ஆட்கள் தலையை ஆட்டினார்கள். வடையும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒருவர் அவளைப் பார்த்துக் கேட்டார். "அப்ப எல்லா வீட்டுக்கும் கரண்ட் வருமா?"

அவள் எழுந்தாள்.

"வராது. இந்தச் சக்கரம் சின்னது. இந்தக் கொட்டகைல நாலு விளக்கும் ஒரு ஃபேனும் ஓடும். ஐஸ் பெட்டிக்குப் போதாது."

பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. "வலை பக்கத்துல வந்தா மாட்டிக் கிழியலாம். இறாலை என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் சரியாத் தெரியாது."

நாலைந்து பேர் எழுந்து போனார்கள். ஒருவன், "நாலு விளக்குக்கு இவ்வளவு பேச்சா?" என்று சொல்லிச் சிரித்தான். பெரியவர் குனிந்து கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார். கதை முடிந்தது என்று நினைத்துத் தட்டை எடுத்து வைத்தேன்.

பாச்சிக் மட்டும் அசையவில்லை. "இவ்வளவு கெட்டதும் சொல்ற. அப்புறம் எதுக்கு இங்க போடணும்கிற?"

"எது உடையுது, எது தாங்குதுன்னு பார்க்க. கடல் கரண்ட் உலகத்துக்கு வேணும், பாச்சிக். நான் செய்யாட்டியும் ஒருநாள் யாராவது பெரிசா செய்வாங்க. அப்ப உங்க வலை எங்க போகுது, இறால் எப்ப வருதுன்னு தெரியாம செய்யக்கூடாது. இப்பச் சின்னதா செய்து, உங்ககிட்டத் திட்டு வாங்கிக் கத்துக்கலாம்னு பார்க்கிறேன்."

பாச்சிக் கடைசி வடையைத் தின்று முடித்தார். "ஒரு வருசம் விட்டு ஒரு வருசம்தான் இங்க இறால் வரும். வந்தா தூக்கணும். நான் சொல்ற நாள்ல. நாலு மாசம் கழிச்சு மறுபடி போடலாம், அதுவரை சக்கரம் வெளில இருக்கணும்."

"தூக்கறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆபீஸ் பெரியவருடைய காரில் திரும்பி வந்தோம். நாங்கள் இறங்கும்போது அவளிடம் சொன்னார், அடுத்த இறால் வருவதற்குள் நம்ம ஒரு வருஷம் முடிந்துவிடும், இல்லாவிட்டால் உன்னைத் துறையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன் என்று.

சக்கரம் ஓடியது. அவள் தினமும் படகில் போய்ச் சிப்பி சுரண்டிவிட்டு, சேற்றோடு வருவாள். இன்றைக்கு ஆணி போயிற்று, இன்றைக்கு வயர் போயிற்று என்று சாப்பிடும்போது குறை சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆனால் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணனையும் என்னையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு துறைக்குப் போனாள். மடியில் சிலிண்டரோடு அவரைக் கொட்டகையில் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தாள்.

"ஏண்டி, கடல் காத்தே இவ்வளவு அடிக்குது, இதுல கடல் கரண்ட்ல ஃபேன் வேறயா?" என்றார் அண்ணன். மீனவர்களுக்கு அவள் அதை மலாயில் திருப்பிச் சொன்னதும் அவர்களும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். அப்புறம் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். என்னவோ தேடுகிற மாதிரி.

"புகையே இல்லடி" என்றார் என்னிடம். "இவ்வளவு நாள் நான் பார்த்த வேலைல புகை இல்லாம ஒரு விளக்கு எரிஞ்சதில்ல."

அவள் அந்தப் பக்கம் திரும்பி வயரைச் சரி பார்த்தாள். சரி பார்க்க ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் இறால் முந்திவிட்டது.

நான் வடை போட்டுக்கொண்டிருந்தபோது பாச்சிக்கே வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வருஷத்துக்கு இன்னும் இரண்டு மாசம் இருந்தது. அது அவருக்கும் தெரியும். அவள் கீழே இறங்கி வந்தாள்.

"இறால் உள்ள வந்திருச்சு" என்றார், தரையைப் பார்த்து.

"எப்பத் தூக்கணும்?"

"நாளைக்கு."

"சரி, பாச்சிக்."

அவர் போனதும் அவள் ஆபீஸுக்குப் போன் போட்டாள். அடுப்படியில் நின்றே பேசினாள். "முதல்ல கெட்ட செய்தி சொல்லிடறேன்" என்றுதான் ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு மாசம் எப்படியாவது ஓட்டு, அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. தூக்கினால் எல்லாம் முடிந்தது என்று.

அண்ணன் கூப்பிட்டார். "இந்தா, இங்க வா. ஒரே ஒரு பொய் சொல்லேன். சங்கிலி இறுகிப்போச்சு, தூக்க ஆள் வரணும், கொஞ்சம் நாளாகும்னு சொல்லு. பாச்சிக் நல்ல மனுசன், பொறுத்துக்குவார்."

"பொறுத்துக்குவார், அண்ணே. அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்? நீ உனக்காகவா கேக்கிற? ஊருக்காகத்தானே? எனக்காகத்தானே?" அவருக்கு அந்தச் சக்கரம் நிற்பது தாங்கவில்லை.

அவள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "கடலப் பத்தி நான் சொன்ன நல்லதை அவங்க நம்பலை, அண்ணே. கெட்டதைச் சொன்னதால என்னை நம்பினாங்க. இப்ப நான் ஒன்ன மறைச்சா, இனிமே சக்கரம் தூக்கிக்கிட்டு எவன் வந்தாலும் கடலுக்குள்ள விடமாட்டாங்க. என் ஒரு வருசம் போனாப் போகுது."

அப்புறம் எழுந்து வந்து சட்டியிலிருந்து எடுத்த வடையைச் சுடச்சுடத் தின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "உப்புக் கம்மிக்கா" என்றாள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து யாரும் வரவில்லை. கயிற்றை இழுக்க மீனவர்கள்தான் வந்தார்கள். கூட்டத்தில் சிரித்துவிட்டுப் போனவனும் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்தான். சக்கரம் மேலே வந்தபோது அதன் மேல் பச்சையும் சிப்பியும் அப்பிக்கிடந்தது. அன்று சாயங்காலம் கொட்டகையில் விளக்கு இல்லை.

வேலையை மூடிவிட்டார்கள். அவளுக்குச் சரவாக்கில் வாத்தியார் வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று அறைச் சாவியைக் கொடுக்கும்போது, "குளியலறைச் சுவர்ல துருக் கறை போகலக்கா, நான்தான் காரணம்" என்றாள். அண்ணன் அவள் தலையில் கை வைத்தார்.

அண்ணன் அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். கரண்ட் போனதால் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். பாச்சிக் மறுபடி வந்தார். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்த இடத்துல சிப்பி வளர்க்கணும்னு வெளில இருந்து ஆளுங்க கேக்கறாங்க" என்றார். "நல்ல ஓட்டம் உள்ள இடம், சிப்பி நல்லா வளரும். குடுக்கலாம்னுதான் முதல்ல பேசினோம். ஆனா எங்க ஆளுங்க, அந்தப் பொண்ணைக் கேக்காம எப்படிக் குடுக்கறதுங்கறாங்க. அவ சொன்ன சொல்லுக்குத் தூக்கினா. அவளுக்கு இன்னும் வேணுமான்னு கேட்டுச் சொல்லு."

எனக்குப் போனில் பேசக் கூச்சம். குரலைப் பதிந்து அனுப்பினேன். அதையும் இரண்டு தரம் அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. பின்னால் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம்.

"அக்கா, முதல்ல சொல்லிடறேன். காசு இல்ல. ஆபீஸ் இல்ல. சக்கரம் எங்கயோ ஸ்டோர்ல துருப்பிடிச்சுக் கிடக்கு, அச்சு வளைஞ்சிருக்கும். புதுசா யாரையாவது பிடிச்சுக் கேக்கணும், ரெண்டு வருசம் ஆகலாம், மூணு ஆகலாம். கிடைக்காமலும் போகலாம். சிப்பிக்காரங்களுக்குக் குடுக்கறதுதான் அவங்களுக்கு லாபம். அதையும் சொல்லிடுங்க."

அப்புறம் மழை மட்டும் கேட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆனா எனக்கு வேணும்க்கா."

தனியாக எங்கேயும் போய்ப் பழக்கமில்லாதவள் நான். கைபேசியில் கிராப் வாடகைக் கார் பிடிக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சி, துறைக்குப் போனேன். கொட்டகையில் பத்துப் பதினைந்து ஆண்பிள்ளைகள். பாச்சிக் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த மலாயில், அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். காசு இல்லையாம். ஆபீஸ் இல்லையாம். சக்கரம் துருவாம். வருஷக்கணக்கில் ஆகுமாம். வராமலே போகலாமாம். சிப்பிக்குக் கொடுத்தால்தான் உங்களுக்கு லாபமாம்.

பாச்சிக்கின் ஊசி வலையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆனால் அவளுக்கு வேணுமாம்" என்றேன்.

பாச்சிக் வலையைக் கீழே வைத்தார். சிப்பி வளர்க்கக் கேட்டவர்களின் படகு ஒன்று, மூங்கில் கழி அடுக்கிக்கொண்டு, அப்போது துறைக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் கழியை நிமிர்த்தி ஆழம் பார்த்தார்கள். சக்கரம் ஓடிய அந்த இடத்தில் இப்போது ஓடுகிற தண்ணீரைத் தவிர ஒன்றுமே இல்லை. பாச்சிக் எழுந்து கொட்டகை விளிம்புக்குப் போய், இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"ஊய்! அங்க வேணாம்! அங்க ஆள் இருக்கு!"